ராஜா ஏறாத படிக்கட்டு

ஓர் அருங்காட்சியகத்தின் வாசலில் கருங்கல் படிக்கட்டு ஒன்று இருந்தது. பெரிய மனிதர்கள் மிதித்த படி என்று அதற்கு ஏகப்பட்ட மிடுக்கு. பக்கத்திலேயே சக்கர நாற்காலிகள் ஏறிப்போக ஒரு சாய்தளம் கட்டியதும் அதற்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

“என் மேல ஏற முடியாதவங்களுக்கு உள்ளே என்ன வேலை? வாசல் அழகே போச்சு!” என்றது.

“நீ பாட்டுக்கு இரு, நான் பாட்டுக்கு இருக்கேன்,” என்று சிரித்தது சாய்தளம்.

“நாளைக்கு ராஜா சிலை வருதாம். அவர் யார் மேல ஏறி வர்றார்னு அப்பப் பாரு!”

மறுநாள் படிக்கட்டு குளித்து முழுகிப் பளபளவென்று காத்திருந்தது. லாரி வந்தது. ராஜாவை இறக்கினார்கள். முறுக்கிய மீசை, அகன்ற மார்பு, ஆனால் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. எந்தக் காலத்திலோ உடைந்து போயிருந்தது. ராஜா தள்ளுவண்டியில் சாய்ந்துகொண்டு, சாய்தளத்தின் வழியாக ஜம்மென்று உள்ளே போனார்.

படிக்கட்டுக்கு மனசு கேட்கவில்லை. சாயங்காலம் வெட்கத்தை விட்டுக் கேட்டது:

“ஏம்ப்பா, ராஜா என்னைப் பத்தி ஒரு வார்த்தையாவது விசாரிச்சாரா?”

“விசாரிச்சாரே,” என்றது சாய்தளம். “‘பக்கத்துல அது என்ன, மதில் சுவரா?’ன்னு கேட்டார்.”