தாங்கிய தோள்

செலினுக்கு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நரம்பு நோய். நோய் முற்றுகிறதா என்று அவள் நடையை அளந்து ஆஸ்பத்திரிக்குச் சொல்வது உணரிகள் பதித்த வீட்டுத் தரைதான். முற்றுவதாகத் தெரிந்தால்தான் புது ஊசி கிடைக்கும். இந்த முறையும் வந்த பதில்: 'நடை சீராக உள்ளது. ஊசி தேவையில்லை.'

அமலதாஸ் அந்தப் பதிலை மறுபடியும் படித்தான். அன்றாடம் மனைவியின் பாரத்தைத் தன் தோளில் வாங்கி நடத்திக் கூட்டிப்போனவன் அவன்தான். தரைக்குப் பாதம்தான் தெரியும், தோள் தெரியாது.

"இன்னைக்கு என்னைப் பிடிக்காதீங்க," என்று செலின் கட்டிலை விட்டு எழுந்தாள்.

"விழுந்துருவ, செலின்!"

"விழணும்ங்க."

இரண்டாவது அடியிலேயே முழங்கால் மடங்கியது. அவன் தன் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்திருந்த கைகள் தாமாக விடுபட்டன. விழுந்தவளைத் தூக்கப் பாய்ந்தான்.

தரையில் கிடந்தபடியே செலின் கையைக் காட்டித் தடுத்தாள்.

"பொறுங்க. முதல்ல பதிவாகட்டும்."