எண்பத்தைந்து ரூபாய்

படிவத்தின் நான்காவது கேள்வி: குறிப்பிட்ட நாட்களில் அட்டை யாரிடம் இருந்தது?

என்னிடம், என்று எழுதினாள்.

ஆறு பற்றுகள். ஒவ்வொன்றும் எண்பத்தைந்து ரூபாய். ஏப்ரல் 8. மே 6. ஜூன் 2. ஜூன் 29. ஜூலை 26. ஆகஸ்ட் 23.

பணம் பெற்றவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சில எழுத்துகள், சில எண்கள்.

அவள் செலவழிக்கவில்லை.

அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி குடும்ப நீதிமன்றம். அன்று அவனும் அவளும் கையெழுத்திட்டால் விவாகரத்து முடிந்துவிடும். அதற்குள் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு வருகிறாள். எரிவாயு இணைப்பு. காப்பீட்டில் வாரிசு பெயர். வாடகை ஒப்பந்தம்.

கடைசியாகக் கடன் அட்டை. ஏப்ரலிலிருந்து வந்த அதன் பில்களை இப்போதுதான் முதன்முறையாக வரிவரியாகப் படித்தாள்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் மேகலா. பெயர் மேசைப் பலகையில் இருந்தது.

"மாசாமாசம் ஒரே தேதின்னா ஏதோ சந்தான்னு விட்டுடலாம் மேடம். இது இருபத்தேழு நாள், இருபத்தெட்டு நாள்னு போகுது. திருடனுக்கும் ஒரு ஒழுங்கு வேணாமா?"

அவள் சிரிக்கவில்லை.

"அடக்கமான திருடன்தான். எம்பத்தஞ்சுக்கு மேல ஆசைப்படல."

ஐந்தாவது கேள்வி: அந்நாட்களில் நீங்கள் இருந்த ஊர்.

நினைவில்லை. கவுண்டரை ஒட்டிய தூணில் வங்கியின் மாதக் காலண்டர் தொங்கியது. கிழமை தெரிந்தால் ஊர் நினைவுக்கு வரலாம்.

ஆகஸ்ட் 23. தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் சதயம்.

கழிந்த மாதங்கள் பின்னால் மடிந்து கிடந்தன. ஜூலையை முன்னால் இழுத்தாள்.

26. சதயம்.

ஜூன் 29. சதயம்.

ஜூன் 2. சதயம்.

மேயையும் ஏப்ரலையும் பார்க்கவில்லை.

அவளுடைய நட்சத்திரம்.

"பேரு கிடைச்சிடுச்சு மேடம்." மேகலா திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "ஏதோ கோயில். நட்சத்திர அர்ச்சனைன்னு வருது. ரெண்டு வருஷமாப் போகுது. முதல் தடவை ஓடிபி உங்க நம்பருக்குத்தான் வந்திருக்கு. யாராவது கேட்டு வாங்குனாங்களா?"

இரண்டு வருடம் முன்பு. மருத்துவமனைக் கட்டில். இன்னும் கால் மணி நேரத்தில் அறுவை சிகிச்சை. அவன் வெளியே வராந்தாவிலிருந்து போன் செய்தான்.

"ஒரு நம்பர் வந்திருக்கும். சொல்லு."

"எதுக்கு?"

"மருந்துக்கு."

ஆறு எண்களையும் வாசித்தாள்.

ராகு காலமாகப் பார்த்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவன். அவள் அப்பா கொண்டுவந்த ஜாதகத்தை உறையைக்கூடப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தவன். அவளுடைய நட்சத்திரம் என்னவென்று அவன் ஒருமுறையும் கேட்டதில்லை.

"மேடம்?"

"ம்."

"கடைசிக் கட்டத்துல, 'இந்தச் செலவு எனக்குத் தெரியாது'ன்னு டிக் பண்ணிடுங்க. இன்னைக்கே நிறுத்திடலாம். போன பணம் வராது. இனிமே போகாது."

"பண்ணலைன்னா?"

"அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கும். முடிவு தேதியே போடல பாருங்க."

அவள் பேனாவைக் கட்டத்தின் மேல் கொண்டுபோனாள்.

"அடுத்தது எப்ப?"

"அவங்க கேட்டு அனுப்பினாத்தான் நமக்குத் தெரியும் மேடம்."

காலண்டரைப் பழையபடி ஆகஸ்டுக்குத் திருப்பினாள். பிறகு ஆகஸ்டையும் தூக்கினாள்.

செப்டம்பர். விரல் ஒவ்வொரு கட்டமாக இறங்கியது.

பத்தொன்பதில் நின்றது. சதயம்.

தூக்கிப் பிடித்திருந்த காலண்டர் தாள் கையிலிருந்து நழுவியது. மேலே மறுபடியும் ஆகஸ்ட்.

அவளுக்குப் பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள்.

"பேனா எழுதலையா மேடம்?" மேகலா வேறொன்றை நீட்டினாள்.

"எழுதுது," என்றாள்.