யாகப்பன் பேரில் இன்னொரு வைஃபை

"கரண்ட் போய் கால் மணி நேரமாச்சு. வைஃபை பொட்டி செத்துக் கிடக்குது. உன் போன்ல மட்டும் எப்டிக்கா வீடியோ ஓடுது?"

தம்பி டென்னிஸ் கேட்டதை பெனிட்டா காதில் போட்டுக்கொள்ளவில்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அதைவிடப் பெரிய வேலை உலகத்தில் என்ன இருக்கிறது?

ஊட்டுவது மண்ணூரில் அப்பா வீட்டில் இருக்கும் பெனிட்டா. போன் வீடியோவில் பாடுவது கத்தாரில் இருக்கும் அவள் கணவன் நிர்மல். வேலை முடிந்து அறைக்கு வந்ததும், சட்டைகூட மாற்றாமல் போன் முன்னால் உட்கார்ந்து, தானே இட்டுக்கட்டிய கோழிப் பாட்டைப் பாடுவான். சுருதியும் கிடையாது, தாளமும் கிடையாது. ஆனால் அந்தப் பாட்டு ஓடினால்தான் பாப்பா வாயைத் திறக்கும். நின்றால் வாய்க்குப் பூட்டு.

"நம்ம வைஃபை இப்பல்லாம் கரண்ட் போனாலும் நிக்காதுடா. நல்ல பொட்டி," என்றாள் பெனிட்டா, பெருமையாக.

"கரண்ட் இல்லாம பொட்டி எப்டிக்கா வேலை செய்யும்?"

டென்னிஸ் தன் போனைப் பார்த்தான். அதிலும் 'யாகப்பன் இல்லம்' என்று வைஃபை காட்டியது. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன், லீவுக்கு வந்திருந்தான். முகம் மாறிவிட்டது.

"அப்பா! எவனோ நம்ம வைஃபை பேரையே வெச்சு, நம்ம பாஸ்வேர்டையே போட்டு டூப்ளிகேட் நெட்டு வுட்டுகினு கீறான். நம்ம போனும் வூட்டு வைஃபைன்னு நம்பி தானா போய் ஒட்டிக்குது. இதுல பேங்க் வேலை பாத்தோம்னா மொத்தமா உருவிடுவான்!"

யாகப்பன் விருட்டென்று எழுந்தார். கம்பெனியில் இரும்புத் தகடு அடிக்கும் ப்ரெஸ் ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அந்த இரைச்சலில் காது பாதி போய்விட்டதால், மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது.

"எவன்டா அவன்?"

டென்னிஸ் போனைக் கையில் பிடித்தபடி வீட்டைச் சுற்றி வந்தான். கொல்லையில் சிக்னல் குறைந்தது. வாசலில் கூடியது. மாடிப்படி ஏற ஏற இன்னும் கூடியது.

மாடி அறையில் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன்கள் மூன்று பேர் குடியிருந்தார்கள். வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் வேலை. குடிவந்த புதிதில் வைஃபை பாஸ்வேர்டு கேட்டபோது யாகப்பன் ஒரே போடாகப் போட்டார்: "ஓசி நெட்டு குடுக்கறதுக்கு நான் இன்னா, டவரா கட்டி வெச்சிகினு கீறேன்?" அதற்குப் பிறகு அவர்கள் வாய் திறக்கவில்லை.

"அன்னிக்கே நினைச்சேன். கேட்டாங்க, குடுக்கல. இப்ப திருடறானுங்க," என்று யாகப்பன் படியேறினார்.

பெனிட்டா சட்டென்று எழுந்தாள். அக்கா அக்கா என்று கூப்பிடுகிற பிள்ளைகள். அவர்களா? பாப்பாவை இடுப்பில் தூக்கி வைத்து, போனை அதன் கையிலேயே கொடுத்து, கிண்ணத்தோடு பின்னாலேயே ஓடினாள். நடக்கிற கூத்து தெரியாமல் நிர்மல் பாடிக்கொண்டே வந்தான்.

கதவைத் திறந்தவன் இசக்கிபாண்டி. டென்னிஸ் கேட்டதும் மறைக்கவில்லை.

"ஆமா சார். எங்க போன் ஹாட்ஸ்பாட்தான்."

"என் பேரைப் போட்டுகீறே? பாஸ்வேர்டு உனக்கு எப்டிடா தெரியும்?" என்றார் யாகப்பன்.

அவன் தயங்கினான். "நீங்கதான் சார்... புது பாஸ்வேர்டு மாத்துன அன்னைக்கு, மொட்டை மாடியில நின்னு உங்க மவன்கிட்ட போன்ல ஒவ்வொரு எழுத்தா சொன்னீய. டீக்கடை வரைக்கும் கேட்டுச்சு."

டென்னிஸ் தலையில் கை வைத்துக்கொண்டான். யாகப்பனுக்கு வெட்கம் வந்தது. வெட்கம் வந்ததால் கோபம் இரட்டிப்பானது.

"அதுக்குன்னு ஏமாத்துவியா? நாளைக்கே ரூமைக் காலி பண்ணுங்க! மொதல்ல அத்த ஆஃப் பண்ணு!"

பெனிட்டா கிண்ணத்தைப் பார்த்தாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது. அவள் போனில் டேட்டாவும் கிடையாது. வீட்டில் வைஃபை இருக்கும்போது அது வெட்டிச் செலவு என்பது அப்பாவின் சட்டம்.

இசக்கிபாண்டி போனை எடுத்தான். ஆனால் அணைக்கவில்லை.

"ரூமைக் காலி பண்ணிருதோம் சார். இப்ப மட்டும் அணைக்கச் சொல்லாதிய. அணைச்சா அண்ணன் பாட்டு நின்னுரும்."

யாகப்பன் பாப்பா கையில் இருந்த போனைப் பார்த்தார்.

"ஆடி மாசம் ஒருநா கரண்டு போயி பாப்பா சாப்பிடவே இல்ல. அக்கா இந்தப் படியில உக்காந்து அழுதாவ. எங்க நெட்டைத் தாரோம்னா நீங்க வாங்க மாட்டீய. அதான், கரண்டு போனா மட்டும் எங்க டேட்டாவை உங்க பேர்ல போடுதோம். ஷிஃப்ட் மாறுனாலும் எங்கள்ல ஒருத்தன் ரூம்ல இருந்து பாத்துக்கிடுவோம். உங்க வைஃபையை நாங்க தொட்டதே இல்ல சார்."

பெனிட்டாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை. ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் கிண்ணம். இசக்கிபாண்டி கிண்ணத்தை வாங்கிப் பிடித்துக்கொண்டான். அவள் ஒரு வாய் எடுத்து நீட்டினாள். பாப்பா வாங்கிக்கொண்டது.

டென்னிஸ் மட்டும் விடவில்லை. "அதெல்லாம் சரிப்பா. ஆனா செக்யூரிட்டின்னு ஒண்ணு கீதில்ல? இன்னிக்கே பாஸ்வேர்டை மாத்தி..."

"சும்மா இருடா," என்றார் யாகப்பன், பக்கத்தில் நின்றவர்களுக்கே கேட்காத குரலில். "புள்ள சாப்புடுது."