ஏழு கோட் பெயின்ட்

நூற்றைம்பது வயசான கோர்ட் கட்டடத்தில் ஓர் ஏசி இருந்தது. காலையில் ஓடத் தொடங்கினால் சாயங்காலம்வரை அதற்கு மூச்சுவிட நேரமில்லை. அப்படியும் கூடத்தில் இருந்தவர்கள் காகிதத்தால் விசிறிக்கொண்டேதான் இருந்தார்கள்.

"சூடெல்லாம் மேல வந்து என்கிட்டதான் நிக்குது, தம்பி" என்றது கூரைக்குக் கீழே இருந்த பழைய வெண்டிலேட்டர்.

"திறந்து வெளிய விட வேண்டியதுதானே, அண்ணே?" என்றது ஏசி.

"எப்படித் திறப்பேன்? பெரிய மனுஷங்க யாராவது வரும்போதெல்லாம் எனக்கு ஒரு கோட் பெயின்ட் அடிச்சிடுறாங்க. இதோட ஏழு கோட்! என் கீல் எங்க இருக்குன்னு எனக்கே மறந்துபோச்சு."

மறுநாள் காலையில் ஏணி போட்டு ஏறினாள் ஓர் இன்ஜினியர். பிளேடால் விளிம்பைச் சுரண்டினாள். கீலுக்கு எண்ணெய் விட்டாள். கயிற்றைப் பிடித்து ஒரே இழு!

கிறீச்சென்று திறந்தது வெண்டிலேட்டர். தேங்கிக் கிடந்த சூடு குபுகுபுவென்று வெளியே ஓடியது.

"காத்து! தம்பி, காத்து!" என்று கூவியது வெண்டிலேட்டர்.

ஏசிக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மத்தியானம்வரை அதை யாரும் போடவே இல்லை! கூடத்துக்கு வந்தவர்களெல்லாம் அண்ணாந்து பார்த்து, "எவ்வளவு அழகான பழைய வேலைப்பாடு!" என்று மெச்சினார்கள். அதைக் கேட்டு ஏசிக்கே பெருமை தாங்கவில்லை.

எட்டாம் நாள் மறுபடியும் ஏணி வந்தது. பெயின்டர் கையில் ஆடியபடி மேலே வந்த டப்பா, வெண்டிலேட்டரிடம் வாஞ்சையோடு சொன்னது:

"உன் அருமை இப்பதான் தெரிஞ்சுதாம். உன்னை நல்லாப் பாதுகாக்கச் சொல்லி அனுப்பியிருக்காங்க."