எல்லை தாண்டி வந்த புள்ளிகள்

ஓசூர் எல்லையைத் தாண்டியதும் கார் தானாகவே ஓரங்கட்டி நின்றது.

"வேகமாக ஓட்டியதற்காகக் கர்நாடகத்தில் வாங்கிய அபராதப் புள்ளிகள் தமிழ்நாட்டுக்கு மாற்றப்பட்டன. துரைக்கண்ணு இனி ஆறு மாதம் ஓட்ட முடியாது. மனைவி பாதியை ஏற்றுக்கொண்டால் ஓட்டலாம்" என்றது கார்.

பெங்களூர் வேலையை விட்டுவிட்டு இருவரும் சேலத்துக்குக் குடிபோய்க்கொண்டிருந்தார்கள். துரைக்கண்ணு மனைவி அமுதவல்லியைக் கெஞ்சலாகப் பார்த்தார்.

"பாதி வாங்கிக்கயேன். உன் லைசென்ஸ் சும்மாதானே கெடக்கு?"

"சும்மா கெடக்க விட்டது யாரு? நகருங்க, நான் ஓட்டறேன்."

கிருஷ்ணகிரி வரைக்கும் அவர் தன் பக்கம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

"லாரி வருது பாரு!"

"எனக்கும் கண்ணு இருக்குங்க."

தொப்பூர் இறக்கத்தில் நிதானமாக இறங்கி முடித்தபோதுதான் பக்கத்தில் சத்தமே இல்லை என்பதைக் கவனித்தாள். அவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து வண்டியில் தூங்குவது அவள்தான். அவர் தூங்கி அவள் பார்த்ததே இல்லை.

சேலத்தில் புது வீட்டுத் தெரு வந்தது. அவரை எழுப்ப மனம் வரவில்லை. வாசலில் நிறுத்தாமல், இன்னொரு சுற்றுக்கு வண்டியைத் திருப்பினாள்.