உச்சிவேளை மணி

“ஏம்மா, உங்க குலசாமி எது?”

ராஜமேரி மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னாள்.

“முனியப்பனுங்க.”

ராஜமேரி என்பது ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். மடியில் இருந்த சான்றிதழில் அவள் ராஜம்மாள். இந்து, தாழ்த்தப்பட்ட வகுப்பு.

கேட்டவர் பள்ளிக்கூடத்துச் செகரெட்டரி நஞ்சப்பன். பள்ளிக்கூடம் அவருடைய அப்பா கட்டியது. சம்பளம் சர்க்கார் மானியத்தில் நடக்கிறது. மானியம் வாங்கினால் இன்ன இன்ன வேலையை இன்ன இன்ன வகுப்பாருக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது உத்தரவு. இந்த முறை அட்டெண்டர் வேலை தாழ்த்தப்பட்டவர்களுக்கு. நஞ்சப்பனுக்கு மானியம் வேண்டும், சர்க்கார் சொல்லும் ஆள்தான் வேண்டாம். மச்சினன் ஏற்கனவே அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பழகிவிட்டான்.

வந்தவர்களையெல்லாம் ஏதோ ஒரு குறை சொல்லி அனுப்பியாகிவிட்டது. மிச்சம் இவள் ஒருத்தி. இவளும் தேறவில்லையென்றால், தகுதியானவர் கிடைக்கவில்லை என்று எழுதி மச்சினனையே வைத்துக்கொள்ளலாம்.

குறை இவளிடம் இருக்கத்தான் செய்தது. வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, வந்துவிட்டவர்களுக்கு அந்த ஒதுக்கீடு கிடையாது என்பது சட்டம். சட்டத்துக்குத் தெரிந்தது டீக்கடைக்குத் தெரியவில்லை. மொரப்பூர் டீக்கடையில் அவளுக்கு இன்றைக்கும் தனி டம்ளர்தான்.

பிடிபட்டால் வேலை போவதோடு விடாது. பொய்ச் சான்றிதழ் என்று போலீஸ் வரும். வாங்கிக் கொடுத்த புருஷனையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகும்.

நஞ்சப்பனுக்குப் பக்கத்து நாற்காலியில் கல்வித்துறை அதிகாரி காளியப்பன். எல்லாம் உத்தரவுப்படி நடக்கிறதா என்று பார்க்க தர்மபுரியிலிருந்து வந்தவர். தலை முழுக்க நரை. அடுத்த வருஷம் ரிட்டயர்டு என்று செகரெட்டரியே சொல்லி, இளநீர் வெட்டிக் கொடுத்திருந்தார். மனுஷர் வந்ததிலிருந்து சிரிக்கவில்லை. அவளுக்கு நஞ்சப்பனைவிட இவரிடம்தான் அதிக பயம்.

“எந்த முனியப்பன்? எந்த மாசம் பொங்க வெப்பீங்க?”

“ஆடியிலங்க.”

நஞ்சப்பன் தலையாட்டிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சற்று முன்பும் பார்த்திருந்தார். பத்து மணிக்கு வரச் சொன்னவர், அவளைக் கடைசியாக உள்ளே கூப்பிட்டு, படிப்பைக் கேட்டு, ஊரைக் கேட்டு, மறுபடியும் படிப்பைக் கேட்டு, எதற்காக இழுத்தடித்தார் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

சாலைக்கு அந்தப்பக்கம் மாதா கோயில்.

உச்சிவேளைக்கு அங்கே திரிகால மணி அடிக்கும். மணிச்சத்தம் கேட்டால் வேதக்காரர்களின் வலது கை சிலுவை போடத் தானாக நெற்றிக்குப் போகும். நடவு வயலில் நின்றாலும், கையெல்லாம் சேறானாலும் போகும். ராஜமேரிக்குப் பேச்சு வருவதற்கு முன்பே வந்த பழக்கம் அது.

ஒரு மாதமாக அதை மறக்கப் பழகினாள். மணி அடிக்கும்போதெல்லாம் கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள். மாமியார் ஆரோக்கியம்மாள், கையில் சுளுக்கா என்று கேட்டு எண்ணெய் தடவிவிட்டாள்.

அதிகாரி வேலைக்கான ஒப்புதல் காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். பேனாவையும் கொடுத்தார்.

“கையெழுத்துப் போடும்மா. போட்டா முடிஞ்சுது.”

பேனாவை வலது கையில் வாங்கினாள்.

மணி அடித்தது.

மூன்று அடி. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி மூன்று.

நஞ்சப்பன் முன்னால் சாய்ந்து அவளுடைய கையையே பார்த்தார். அதிகாரி அசையவில்லை. அவரும் அவளைத்தான் பார்த்தார், முகம் கல்லாக இருந்தது. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டுதான் இதைச் செய்கிறார்கள் என்று நினைத்தாள். வெளியே புளியமரத்தடியில் நிற்கும் புருஷனுக்கும் இந்த மணி கேட்கும், அவன் கையை யார் பிடிப்பது என்றும் நினைத்தாள்.

கை எழுந்தது. அவள் எழுப்பவில்லை, அதுவாக எழுந்தது. பேனாவோடு மார்பு வரை வந்துவிட்டது.

மாதாவே, என்றது உள்ளே.

விரல்களை விரித்துவிட்டாள். பேனா விழுந்து மேசைக்கடியில் உருண்டது. அதை எடுக்கிற சாக்கில் அவளும் குனிந்து, மேசைக்கடியில் தலையை விட்டாள். அங்கே யாரும் பார்க்க முடியாது. நெற்றியைத் தொட்டுவிட்டு எழுந்துவிடலாம்.

தொடவில்லை. தொட மறந்துபோனாள்.

மேசைக்கு அந்தப்பக்கம், அதிகாரியின் இடது கை அவருடைய வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. பிடிபட்ட கையின் கட்டைவிரல் மட்டும் கால்சட்டை முழங்காலின் மேல் மெதுவாக நகர்ந்தது. மேலிருந்து கீழே ஒரு கோடு. குறுக்கே ஒரு கோடு. அடுத்த மூன்று அடிக்கு மறுபடியும் அதே.

நடுக்கமே இல்லாத பிடி. பல வருஷம் பழகிய பிடி.

மணி ஓய்ந்தது. பேனாவோடு எழுந்தாள்.

“வழுக்கிடுச்சுங்க,” என்றாள்.

நஞ்சப்பன் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். அதிகாரியின் இரண்டு கைகளும் இப்போது மேசைமேல் இருந்தன. முகத்தில் எதுவுமில்லை. காகிதத்தில் இடத்தை மட்டும் விரலால் காட்டினார்.

கையெழுத்துப் போட்டுவிட்டால் இந்தப் பயம் தீர்ந்துவிடும் என்று நம்பித்தான் அவள் காலையில் பஸ் ஏறியிருந்தாள்.

அந்த நரைத்த தலையை ஒருமுறை பார்த்தாள். அவளுக்கு வயது இருபத்து நாலு.

ராஜம்மாள் என்று எழுதத் தொடங்கியபோதுதான் அவளுக்குக் கை நடுங்கியது.