வலப்பக்கக் கிட்டார்

செங்கம் ரோட்டுக் காபிக் கடையில் இருந்த கிட்டார் வீடியோ விளையாட்டுக்குக் கனகலதா புதுசு. தெரியாமல் இருவர் ஆடும் ஆட்டத்துக்கான பொத்தானை அழுத்திவிட்டு, இருந்த இரண்டு பொம்மைக் கிட்டார்களில் ஒன்றை மாட்டிக்கொண்டாள். கிரிவலப் பழக்கத்தில் இடது ஓரமாகவே நின்றாள். கிரிவலப் பாதையில் மலைப் பக்கமான வலது ஓரத்தைக் கண்ணுக்குத் தெரியாத சித்தர்கள் நடக்க விட்டுவிடுவது ஊர் வழக்கம்.

திரையில் இறங்கிவரும் வண்ணப் புள்ளிக்கு அதே நிறப் பொத்தானை அழுத்த வேண்டும். அவளுக்குப் பாதிக்கு மேல் தவறியது. இரண்டாம் ஆட்டக்காரருக்கான திரையின் வலப்பாதியில் ஒன்றுகூடத் தவறவில்லை. கடைசியில் அவள் தோற்றதாகத் திரை சொன்னது.

"ஆளே இல்லாத பக்கம் எப்படிங்க ஜெயிக்கும்? புதுசா வந்தா ஏமாத்துவீங்களா?" என்று கடைக்கார மாறனிடம் பாய்ந்தாள்.

நாற்காலியில் கிடந்த இன்னொரு கிட்டாரை அவர் கவிழ்த்துக் காட்டினார். "இதுல பேட்டரியே இல்லீங்க மேடம்."

கனகலதாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வெறுமையாக இருந்த வலப்பக்கம் திரும்பினாள்.

"வருஷம் பூரா உங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நடக்கிறோம். புதுசா ஆடுறவளுக்குக் கொஞ்சம் விட்டுக் குடுத்தா கொறஞ்சா போயிடுவீங்க?"

அடுத்த பாட்டு தொடங்கியது. வலப்பாதியில் முதல் புள்ளி தவறியது. இரண்டாவதும்.